மாடி வீட்டு வால்வு

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'பார்க்கலாம்' என்றுதான் பெயர். முப்பது வருஷம் லாண்டரியில் பாய்லர் ஓட்டியவர். வீட்டில் எந்த வேலை சொன்னாலும் அந்த ஒரே பதில்தான். எங்கள் அடுப்படிக் குழாய் இரண்டு வருஷமாகச் சொட்டுகிறது. "பார்க்கலாம்."

அப்படிப்பட்ட மனுஷன், பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கு மாடி வீட்டை வாடகைக்கு விட்டதிலிருந்து ஆளே மாறிவிட்டார். "சார், வெந்நீர் நூல் மாதிரி வருது, ஒரு பக்கெட் நிரம்ப அரை மணி ஆகுது" என்று அவள் படியில் நின்று சொன்னால் போதும். "இதோ வந்துட்டேம்மா!" ஸ்பானருக்கு முன்னால் சீப்பை எடுப்பார். எனக்கு வயிறு பற்றி எரியும். பொறாமைதான், அதற்கென்ன? ஐம்பத்தாறு வயதில் வரக்கூடாது என்று சட்டமா போட்டிருக்கிறது?

முதல் தடவை நிஜமாகவே அடைப்பு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கைவேலை. மொட்டை மாடி ஹீட்டரிலிருந்து அவள் வீட்டுக்கு இறங்கும் குழாயில் ஒரு வால்வு உண்டு. துணி காயப்போடப் போனபோது அதைப் பாதி மூடிவிட்டு வந்தேன். வெந்நீர் இல்லாமல் எத்தனை நாள் இருப்பாள்? காலி பண்ணிக்கொண்டு ஓடட்டும்!

எங்கே ஓடினாள்? புகார்தான் கொடுத்தாள். புகார் வந்தால் யார் போவார்? அவர் போய்ச் சரிசெய்வார், நான் மறுபடி மூடுவேன். ஒரே வாரத்தில் நாலு தடவை! என்ன கோளாறு என்று கேட்டால், "அடைப்பு" என்பார், வாயெல்லாம் பல்லாக. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. அவர்தான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார்.

"மாடியில தண்ணி ஒழுங்கா வருதா?"

"வராம என்ன? உட்காருங்க பேசாம."

புதன்கிழமை காலை படியில் குரல். "சார், மறுபடியும் நூல் மாதிரி வருது!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் தொடவே இல்லையே! அவர் சீப்பைத் தேடுவதற்குள் மொட்டை மாடிக்கு ஓடினேன். வால்வு பாதி மூடியிருந்தது. அது இருப்பது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

முழுசாகத் திறந்துவிட்டுப் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். இறங்கும்போது அவளிடம், "இனிமே தண்ணி குறைஞ்சா என்னைக் கூப்பிடும்மா" என்றேன்.

"சரிக்கா" என்றாள், ஒன்றும் அறியாதவள்.

கீழே அவர் தலை சீவிக்கொண்டிருந்தார். பிடியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இதுதான் உங்க அடைப்பா?"

சீப்பை மெதுவாகக் கீழே வைத்தார். "நாலு தடவை நீ மூடினப்போ, நான் ஒரு வார்த்தை கேட்டேனா?"

அதற்காகப் பிடியைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.