மன்னவனூர் அணியின் ஸ்டாப்பர்

செண்பகனூரைத் தாண்டும்போதும் காலில் பந்தாட்ட பூட்ஸ்தான் இருந்தது. தார் ரோட்டில் அதன் அடிக் குமிழ்கள் டக் டக்கென்று அடித்தன. கடைகளில் இருந்தவர்கள் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முதுகில் நான்காம் எண் போட்ட மஞ்சள் பனியன், முழங்கால் வரை சேறு. டவுன் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. நான் கை காட்டவில்லை. போட்டிருந்த உடுப்பில் பையே கிடையாது, டிக்கெட்டுக்கு எங்கே போவது? தவிர, உட்கார்ந்தால் யோசிக்க வேண்டியிருக்கும்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் கொடைக்கானல் மைதானத்தில் இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தோம். தோற்றது என்னால். அதை யாரும் என்னிடம் வந்து சொல்வதற்குள் கோல் கம்பத்துக்குப் பின்பக்கமாகப் போய் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அய்யம்பாளையத்திலிருந்து கிளம்பியவன். திருப்பூரில் சாயப்பட்டறை, இடுக்கியில் ஏலக்காய்த் தோட்டம், லாரியில் கிளீனர், ஒரு கல் குவாரி. எங்கேயும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. போகச் சொல்வார்கள் என்று தோன்றிய அன்றைக்கே கிளம்பிவிடுவேன். கூடவே வந்தது பந்தாட்டம் மட்டும். நான் ஸ்டாப்பர். கோல் காக்கிற கோலிக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள்.

மன்னவனூருக்கு என்னைக் கூட்டி வந்தது ஒரு காரட் ஷெட் முதலாளி. கொடைக்கானல் கப் போட்டியில் ஒரு அணிக்கு இரண்டு வெளியாட்கள்தான் ஆடலாம். ஆனால் ஆறு மாதம் ஊரில் தங்கி வேலை பார்த்தவன் ஊர்க்காரன் கணக்கில் வருவான். அதனால் மலையில் நல்ல ஆட்டக்காரனைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அவனுக்கு ஒரு வேலையைப் பிடிப்பார்கள். முதலாளி எனக்குக் காரட் கழுவுகிற வேலையும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்தார்.

"கப்பு வந்துச்சுன்னா நீ நம்மூருக்காரன். எவனும் கேள்வி கேக்க முடியாது," என்றார்.

"வரலேன்னா மொதலாளி?"

"வரும்ங்கிறேன்."

அந்த அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. திறந்தால் உருளைக்கிழங்குக் காடும் அதற்கு மேலே ஆட்டுப் பண்ணையின் புல்வெளியும் தெரியும். வயது முப்பத்து மூன்று முடிந்திருந்தது, வலது முழங்கால் காலையில் மடங்க நேரமெடுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இடத்தில் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். அது கப்பு வருவதைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது.

அமெரிக்கக்காரர் வந்தது அந்தச் சமயத்தில்தான். மனைவி கொடைக்கானலில் ஒரு பள்ளியில் டீச்சர். இவருக்கு வேலை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லட்டை எடுத்துக்கொண்டு மலை மலையாகச் சுற்றுவார். ஒருநாள் நாங்கள் சரிவில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து நிறுத்தினார். அவர் நாட்டில் பதினோரு வருஷம் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவராம். அவரும் ஸ்டாப்பர். இரண்டு முழங்காலிலும் கத்தி வைத்த தழும்பு, பூரான் ஓடியது மாதிரி.

எங்கள் கோலி பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். அதற்கு முன் கைடு வேலை பார்த்தவன் என்பதால் இங்கிலீஷ் பேசுவான். காரட் மூட்டைகள் மேல் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, இவன் தமிழில் சொல்வான்.

காலேஜில் ஆடும்போதே ஒரு அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வருஷம் இடம் கிடைத்தது. மூன்றாம் வருஷத்தில் ஒருநாள் கடையில் பாலும் முட்டையும் எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவரை நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிற இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கோல் அடிக்கிற ஃபார்வர்டு ஒருவனை வாங்கிவிட்டார்கள். நாளை மறுநாள் அங்கே இருக்க வேண்டும். வண்டியை அப்படியே கடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மூட்டை கட்டினாராம்.

"உங்களைக் கேக்க மாட்டாங்களா சார்?" என்றேன்.

கோலி அவருக்குச் சொல்வதற்கு முன் என்னிடம் திரும்பினான். "ஏலே, சந்தையில மாட்டக் கேட்டுக்கிட்டா விக்கிறாங்க?"

அவன் என்ன சொன்னான் என்று அவர் கேட்டார். சொன்னதும் நன்றாகச் சிரித்தார். மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பார்கள், எனக்கு முழங்காலைப் பார்த்தார்கள் என்றார்.

அதற்குப் பிறகு ஏழு ஊர். பனி கொட்டுகிற ஊரில் பிளாஸ்டிக் புல்லில் ஆடியிருக்கிறார். இரண்டாம் தர அணிகள், பாதிச் சம்பளம். பதினோரு வருஷத்தில் எதிரணிக்குப் போட்டது ஒரே ஒரு கோல். தன் அணிக்கே தவறுதலாகப் போட்டதும் ஒன்று. பார்க்கிறவர்கள் இரண்டாவதைத்தான் ஞாபகம் வைத்திருந்தார்களாம்.

கடைசி நாளைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு காலையில் எப்போதும்போல் பயிற்சிக்குப் போய் வாசலில் கதவு திறக்கிற அட்டையைத் தேய்த்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. அட்டையில் ஏதோ கோளாறு என்று மழையில் நின்றிருக்கிறார். புல் வெட்டுகிறவர் வந்து திறந்து விட்டார், அவருக்கும் விஷயம் தெரியாது. உள்ளே போனால் இவருடைய பூட்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில், பெயர் எழுதி, பெஞ்சு மேல் தயாராக இருந்தது.

கோலிக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மனதுக்குள், இந்த ஆள் ஏமாளி, அட்டை வேலை செய்யாத நாள் வரைக்கும் நின்றிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் எங்களோடு ஆடும்போதும் அப்படித்தான். ஓடவே மாட்டார். நின்ற இடத்திலிருந்து நாலடி. ஆனால் பந்து அவரைத் தாண்டாது. எப்படி என்று கேட்டேன்.

கோலி மொழிபெயர்த்தான்: "கோல் கம்பம் எங்கயும் போகப் போறதில்லயாம். பந்து வச்சிருக்கிறவன் எப்படியும் இங்கதான் வரணுமாம். அவரு முன்னாடியே வந்து நிக்கிறாராம்."

"நிக்கிறது செரமமா இருக்குன்னு சொல்லு."

அவர் தலையை ஆட்டினார். தனக்கும் அப்படித்தான் என்றார்.

இறுதி ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை. பெனால்டிக்குப் போனால் எங்கள் கோலியை நம்பலாம். அப்போது மேகம் இறங்கியது. கோலிக்கு எதிர்க் கம்பம் தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆனால் நடுவர் யோசித்து முடிப்பதற்குள் என் கையே எனக்கு மங்கலாகிவிட்டது. விசில் வரவில்லை.

வலது பக்கம் எங்கோ பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. வெள்ளையாக இருந்த அந்த இடத்தில் ஒன்றும் வராமல், ஒன்றும் தெரியாமல் நிற்பது உடம்பில் எறும்பு ஏறுகிற மாதிரி இருந்தது. இன்னொரு உதை கேட்டது.

"ஏலே, எடத்துல நில்லு," என்று பின்னாலிருந்து கோலி கத்தினான்.

நான் சத்தத்தை நோக்கி ஓடினேன். பத்தடி போனதும் அங்கே எங்கள் ஆள் ஒருவன் வெறுங்காலோடு பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தான். பந்து இல்லை. திரும்பினேன். நான் விட்டுவிட்டு வந்த இடத்தின் வழியாக ஒருவன் தனியாகப் போவது நிழல் மாதிரி தெரிந்தது. பிறகு வலை ஆடுகிற சத்தம்.

நடுவர் கோல் என்றார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்து கமிட்டிக்காரர்களோடு மல்லுக்கு நின்றார். அவர் என் பக்கம் திரும்புவதற்குள் நான் நகர்ந்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அமெரிக்கக்காரர் பார்த்துவிட்டு, எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "பாத்ரூம்" என்றேன்.

இருட்டும்போது பெருமாள்மலை வந்தது. ஒரு டீக்கடைக்காரர் என் கோலத்தைப் பார்த்து பெஞ்சைக் காட்டினார். சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். போர்வை, சட்டைகள், டம்ளர் எல்லாம் மன்னவனூர் அறையில் இருந்தன. அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் பெயரை எழுதியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

வெள்ளனே பழனி ரோட்டில் தடுப்புச் சுவர் கட்டுகிற மேஸ்திரி டீக்கு வந்தார். மழையில் சரிந்த வளைவு, ஒரு வண்டி போகிற அகலம்தான் மிச்சம். கொடி பிடிக்கிற ஆள் அன்றைக்கு வரவில்லை.

"சும்மாதான் இருக்கியா? கொடி புடிக்கிறியா?" என்று என்னைக் கேட்டார்.

"என்னங்க செய்யணும்?"

"நிக்கணும். கீழ இருக்கிறவன் விசில் ஊதுற வரைக்கும் செவப்பு. ஊதுனா பச்ச. எடத்த விட்டு நகந்தேன்னா ரெண்டு வண்டியும் வளைவுல முட்டிக்கும்."

சரி என்றேன். ஒரு பழைய சட்டையும் இரண்டு கொடிகளும் தந்தார். ஏழு மணிக்கு வளைவுக்கு மேலே போய் நின்றேன். இங்கேயும் மேகம் இருந்தது, மைதானத்து அளவுக்கு இல்லை. கீழே ஏறி வருகிற வண்டிகளின் சத்தம் மட்டும் வரும், வண்டி தெரியாது.

நான்காவதாக வந்து நின்றது எங்கள் காரட் பிக்கப். கோலி கண்ணாடியை இறக்கினான். கொடியையும் என் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதென்னலே சோலி?"

"பாத்தா தெரியலயா?"

"மொதலாளி நேத்து ஒன் ரூமுக்குப் போயிப் பாத்தாரு. போர்வ மடிச்ச மேனிக்கு கெடக்கு."

"என்ன சொன்னாரு?"

"வழி பூரா நடுவரத் திட்டுனாரு. ஒன்னப் பத்தி ஒரு வார்த்த பேசல. அதுக்கு என்ன அர்த்தம்னுதான் என்னால கண்டுபிடிக்க முடியல." கதவைத் திறந்துவிட்டான். "ஏறு வெரசா. ஒட்டஞ்சத்திரம் சந்தையில காரட்ட எறக்கிட்டு ஊருக்குப் போவோம். எதுவா இருந்தாலும் அவரு வாயால கேட்டுக்க."

கால் கதவுப் பக்கம் போனது நிஜம். கீழே ஏதோ பெரிய வண்டி கியர் மாற்றி ஏறிக்கொண்டிருந்தது. விசில் இன்னும் வரவில்லை.

"அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் நிக்கணும்," என்றேன்.

"நீயா?"

"நீ திரும்பி வரும்போது பாரு. ஒன் கூட வந்து கேட்டுக்கிறேன்."

அவன் நம்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஹாரனில் கையை வைத்தான். கீழே ஏறிக்கொண்டிருந்த பஸ் மேகத்திலிருந்து வெளியே வந்து எங்களைக் கடந்து மேலே போனது. கீழே விசில் ஊதியது. பச்சையைக் காட்டினேன். காரட் வண்டி வளைவில் இறங்கி மறைந்ததும் அடுத்து வந்த ஜீப்புக்குச் சிவப்பைத் தூக்கினேன்.