அடித்தகட்டுக்குள் ஒரு முகவரி

காலை 8.10, லண்டன் பிளேஸ்டோ.

பிள்ளைகளே, 2009 ஒக்டோபர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. விம்பிள்டன் பக்கம் ஒரு மண்டபத்தில் பழைய துவக்குச் சந்தை நடப்பதாகக் கேள்விப்பட்டுப் புறப்பட்டேன். அங்கே விற்பவை பழைய படைத் துவக்குகள். சுட முடியாதபடி குழலுக்குள் இரும்பை வைத்து ஒட்டி, அதற்கொரு சான்றிதழும் தந்துவிடுவார்கள். சுவரில் மாட்டலாம், துடைக்கலாம், பார்க்கலாம். அவ்வளவுதான்.

சப்பாத்துப் போடும்போது என் மனைவி கேட்டாள்: "எங்கட சனத்துக்குத் துவக்கைக் கண்டு இன்னும் அலுக்கேல்லையோ? அதுவும் சண்டை முடிஞ்ச இந்த வருஷத்தில." நான் மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் ஊரில் இருந்து வந்த ரயிலின் மூன்றாவது பெட்டியில், சொன்னபடியே சிவநேசன் அண்ணை இருந்தார். அந்த ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், என்னைப் போலவே பழைய துவக்குச் சேர்ப்பவர். கையில் நீளமான தூண்டில் பை. மீன் பிடிக்க அல்ல, வாங்கும் துவக்கைச் சுற்றிக் கொண்டுவர. வாங்காமல் திரும்புவோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அவர் வீட்டுச் சுவரில் பதினொரு துவக்குகள். என்னிடம் ஒன்று.

அந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனுக்கு வருமுன் ஒன்பது வருடம் சுவிசில், பேர்ன் மாநிலத்து லாங்கெந்தால் என்ற ஊரில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்த நாட்டில் படையில் சேர்ந்தவர்கள் துவக்கை வீட்டுக்கே கொண்டுபோவார்கள். சனிக்கிழமைகளில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளில், குறிபார்த்துச் சுடும் இடத்துக்குப் போவதைச் சமையலறை ஜன்னலால் பார்ப்பேன். அகதி அட்டை வைத்திருந்த எனக்கு, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கவும் துணிவு வரவில்லை. அதனால்தான் லண்டனில் ஒரு சுவிஸ் துவக்கு வாங்கினேன். கே-31 என்பார்கள்.

சேர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கே-31 கைக்கு வந்தவுடன், தோளில் அணைக்கும் மரக்கட்டையின் அடியில் உள்ள இரும்புத் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றிப் பார்ப்பார்கள். முன்பு அதை வைத்திருந்த படைவீரன் தன் பெயரையும் முகவரியையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்திருப்பான். எல்லாத் துவக்கிலும் இருக்காது. என்னுடையதில் இல்லை. சுவிஸ் மண்ணையே மிதிக்காத அண்ணையிடம் இரண்டு கே-31. இரண்டிலும் துண்டு இருந்தது.

ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறி, விம்பிள்டனுக்குப் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம். அந்த நேரம் முழுக்க அவர் அந்த இரண்டு பெயர்களையும் பிழையாக உச்சரித்துக்கொண்டே வந்தார். நானும் திருத்தவில்லை.

காலை 9.50. மண்டபத்துக்குள் போக மூன்று பவுண். எண்ணெய் மணமும் ஈரக் கோட்டு மணமும். நாற்பது மேசை இருக்கும். ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் மேசையில் ஒரேயொரு கே-31 கிடந்தது. விலை 260. கட்டையின் அடிப்பாகம் பனியில் ஊறிக் கறுத்திருந்தது. அண்ணைக்கு முன்னால் நான் கை நீட்டித் தூக்கிவிட்டேன்.

சந்தையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கையில் எடுத்த துவக்கை அவர் கீழே வைக்கும்வரை மற்றவர் கேட்கக்கூடாது. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இன்பமாக இருந்தது என்று மறைக்கப் போவதில்லை.

துவக்கின் உடலில் உள்ள இலக்கமும் பூட்டில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் பாகம் மாற்றிய துவக்கு. எழுத்து சின்னது. மூக்குக் கண்ணாடி சட்டைப் பைக்குள். அதை எடுக்க, துவக்கை மேசையில் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டு நிமிர்ந்தபோது துவக்கு அண்ணையின் கையில்.

"இப்ப வடிவாத் தெரியுதோ, தம்பி?" என்றார்.

சட்டம் சட்டம்தான். கிழவர் சிரித்தபடியே காசை வாங்கினார். அண்ணை ஒரு பவுணுக்குத் தேநீர் வாங்கி என் முன்னால் வைத்துவிட்டு, திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே நாலாக மடித்த துண்டு. அந்தக் கோணல் ஜெர்மன் கையெழுத்தை அவருக்கு வாசிக்க ஏலாது. என்னிடம் நீட்டினார்.

ஹான்ஸ் என்று தொடங்கும் பெயர். அதற்குக் கீழே: லாங்கெந்தால். தெருவின் பெயரும் இருந்தது. நான் கோப்பை கழுவிய உணவகத்துக்கு அடுத்த தெரு.

"என்ன போட்டிருக்கு?"

"பேர் மட்டும்தான், அண்ணை," என்றேன்.

பிற்பகல் 1.20, திரும்பும் ரயில். தூண்டில் பை அவர் மடியில் குழந்தை மாதிரிக் கிடந்தது. நான் விளம்பரங்களை வாசித்தேன். வெஸ்ட் ஹாம் தாண்டியதும் அவர் கேட்டார்: "ஒரு பேர் வாசிக்க உமக்கு இவ்வளவு நேரமோ? அதில வேற ஏதோ இருந்ததெல்லே?"

அடுத்த நிலையம் என்னுடையது. அவர் முகத்தைப் பார்க்காமல் ஊரையும் தெருவையும் சொன்னேன். துவக்கை எனக்கே தந்துவிடுவாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். வெட்கமில்லாமல் நினைத்தேன்.

அவர் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். "அப்ப உம்மட ஊர்த் துவக்கெல்லே," என்றார். "கிழமைக்கு ஒருக்கா வந்து எண்ணெய் பூசிவிடும். மனிசி தோசை சுட்டுத் தருவா."

நான் இறங்கியதும் கதவு மூடியது. அவர் கண்ணாடிக்குப் பின்னால் கை காட்டிக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்து என் துவக்கின் அடித்தகட்டை மறுபடி கழற்றிப் பார்த்தேன். வெறும் மரத்துளை. பள்ளிக் கொப்பியில் ஒரு தாள் கிழித்தேன். என் பெயர், பிளேஸ்டோ முகவரி, 2009. 'படையில் இருந்தவனல்ல, வாங்கியவன்' என்றும் தமிழில் எழுதி, நாலாக மடித்து உள்ளே வைத்துத் திருகாணிகளை இறுக்கினேன்.

ஒருநாள் எவனோ இதைத் திறப்பான். அவனுக்கு இது வாசிக்கத் தெரியாமல் இருக்கட்டும். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.