பன்னிரண்டாவது பெயர்

கல்கத்தாவில் இந்தியாவும் இந்தோனேசியாவும் மோதிய உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் இந்திய அணிக்குப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரோ பெரியவர்கள். பன்னிரண்டாவது ஆளைச் சேர்த்தது நான். அப்போது எனக்குப் பத்து வயது. பட்டாபிராமில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவைப் பெற்ற ஆயா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச்சேர்ந்துவிட்டதால், தாத்தாவையும் மாமாவையும் பார்த்துக்கொள்ள அம்மா அப்பாவோடு பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. தாத்தாவுக்கு ஒரு காலத்தில் வயலும் கிணறும் இருந்தன. நான் பார்க்கும்போது வயல் முழுக்கப் புது வீடுகள் வந்து, கிணறு மட்டும் எங்கள் வீட்டுப் பின்னால் மிச்சமிருந்தது.

மாமாவுக்குப் பந்துதான் உலகம். ரயில்வே சைடிங் பக்கத்து மைதானத்தில் மிலிட்டரிக்காரர்களோடு ஆடிப் பழகியவர். தாத்தாவுக்கு அது அறவே பிடிக்காது. மாமா ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் மேட்சுக்குப் போனது தெரிந்த அன்று, தாத்தா கொடுவாளை எடுத்துப் பந்தை இரண்டாகப் பிளந்து கிணற்றில் வீசினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. "உன் தம்பிய சாப்பிடச் சொல்லு," "நைனா மருந்து குடிச்சாரான்னு கேளு" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான் போய்வந்தன.

இப்படியிருக்கையில்தான் மாமாவை இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குக் கல்கத்தாவுக்கு வரச்சொல்லி நீளமான உறையில் கடிதம் வந்தது. அப்பா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் காணாமல் போனவர், மத்தியானம் ஆவடி பஜாரிலிருந்து ஒரு பந்தோடு திரும்பினார். அவர் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அது வாலிபால். மாமா அதைக் கையில் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"நல்லா கீது நைனா" என்றார். இரண்டு வருடத்தில் அவர் தாத்தாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அந்த வாலிபாலைப் பையில் திணித்துக்கொண்டுதான் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். வழியனுப்ப எங்கள் தெருவே ஸ்டேஷனுக்கு வந்திருந்தது.

முதலில் இரண்டு கார்டு வந்தன. சோற்றில் கடுகெண்ணெய் நாறுகிறது என்று ஒன்றில். இடது காலாலும் அடிக்கப் பழகச் சொல்லியிருக்கிறார்கள் என்று இன்னொன்றில். பிறகு ஒன்றும் இல்லை. பயிற்சி கடுமையாக இருக்கும், எழுத நேரமிருக்காது என்று அப்பா சொன்னார். இந்தியா முதலில் இந்தோனேசியாவுக்கே போய் அங்கே இரண்டுக்கு ஒன்று என்று தோற்றதைப் பேப்பரில் படித்தோம். அந்தச் செய்தி நாலு வரிதான். அதில் யார் யார் ஆடினார்கள் என்று போடவில்லை.

தாத்தாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது என் வேலை. காலையில் வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அரசியல், கொலை, மழை எதுவும் வேண்டாம். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொல்வார். நான் படித்து முடித்ததும் ஒரே கேள்வி:

"அவன் பேரு வந்துகீதா கண்ணு?"

"இல்ல தாத்தா."

"சரி, நாளைக்கு வரும்."

ஒரு மாதம் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 'இல்ல' என்று சொன்னதும் அவர் தலையை ஆட்டும் விதம்தான் அதைவிடக் கஷ்டம். பேப்பர்க்காரர்கள் செய்த தப்புக்கு அவர் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். பேப்பரில் அன்று மாலை நடக்கவிருந்த ஆட்டத்தைப் பற்றிக் கால் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். இந்தியா ஜெயித்தே ஆகவேண்டும். இந்தோனேசியர்கள் குள்ளமானாலும் வேகமானவர்கள், பந்து கிடைத்த மறுநொடி நம் கோல் பக்கம் வந்துவிடுவார்கள். நம் பின்வரிசை தூங்கக்கூடாது. சொந்த மண், சொந்த ஜனம், அதனால் நமக்கே வாய்ப்பு அதிகம். நான் பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தாத்தா "ம்" கொட்டினார். கடைசியில், ஆடக்கூடிய பதினோரு பேர் என்று பட்டியல் இருந்தது.

பட்டியல் என்றதும் தாத்தா விசிறியைக் கீழே வைத்துவிட்டார்.

ஒவ்வொரு பெயராகப் படித்தேன். வங்காளப் பெயர்கள், பஞ்சாபிப் பெயர்கள், கோவாப் பெயர்கள். வாய்க்கு முன்னால் கண் ஓடிப்போய்க் கடைசிப் பெயர்வரை பார்த்துவிட்டது. மாமா இல்லை. தாத்தா முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பி, வாயை லேசாகத் திறந்தபடி இருந்தார். பதினோராவது பெயரைப் படித்து மூச்சு விட்டேன். பிறகு, அதே பாடக் குரலில், மாமாவின் பெயரையும் படித்தேன்.

தாத்தா விரல்களை மடக்கிக்கொண்டே வந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பன்னெண்டு வருதே கண்ணு?"

"ஒருத்தர் கோல்கீப்பர் தாத்தா. கோலிய கணக்குல சேக்கமாட்டாங்க."

அவர் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். பிறகு, "அப்டியா" என்றார். எழுந்து உள்ளே போய், கல்யாணங்களுக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பித்தான்கள் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன. நான் சரிசெய்யப் போவதற்குள் தடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அரிசிப் பையோடு அம்மா திரும்பும்போது தாத்தா டீக்கடை வாசலில் நின்றிருந்தார்; சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். அம்மா வீட்டுக்குள் வந்து பையை இறக்காமலே கேட்டாள்.

"இன்னாடி, நைனா இன்னாவோ சொல்லிகினு கீறாரு? பேப்பர்ல அவன் பேரு போட்டுக்கீதா?"

"ஆமாம்மா."

அம்மா பேப்பரை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஆனால் அவள் என்னைத் திட்டவில்லை. பேப்பரை எட்டாக மடித்து அடுப்பில் வைத்தாள். அது எரிந்து முடியும்வரை குத்துக்காலிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதைக்குத் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை ஆட்டத்துக்கு டீக்கடைக்காரர் ரேடியோவை வெளியே பெஞ்சின்மேல் வைத்தார். தாத்தாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. வர்ணனை இந்தியில். தெருவில் இந்தி தெரிந்தவர் ஒருவர்தான், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். எல்லோரும் அவரை மிலிட்டரிக்காரர் என்போம். மற்றவர்களுக்குப் புரிந்ததெல்லாம் பெயர்களும் கூட்டத்தின் இரைச்சலும்தான். மாமாவின் பெயர் வருகிறதா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. வராது என்று எனக்கு மட்டும் தெரியும். அப்படியும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் படித்துவிட்டதால் ஒருவேளை வந்தாலும் வரும் என்று தோன்றியது.

பாதி ஆட்டத்தில் மிலிட்டரிக்காரர் குனிந்து, "பெரியவரே, உங்க பையன அப்புறமா எறக்குவாங்கன்னு நெனைக்கிறேன்" என்றார். தாத்தா தலையாட்டினார்.

இந்தியா கோல் போட்டபோது ரேடியோ அலறியது. வர்ணனையாளர் சொன்ன பெயர் அந்த அலறலில் யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "நம்மாளுதான்! நம்மாளு பேரத்தான் சொன்னான்!" என்று கத்தினான். தெருவே எழுந்து குதித்தது. யாரோ தாத்தாவைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் கூப்பி, யாரைப் பார்த்து என்று தெரியாமல் நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். மிலிட்டரிக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தாத்தாவைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஜெயித்தே ஆகவேண்டிய ஆட்டம் சமனில் போனதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் வருத்தப்படவில்லை. கோல் நம் தெருவுடையது.

அதற்குப் பிறகு தாத்தா ஒன்றரை வருடம் இருந்தார். மாமா வரவில்லை. குமணன்சாவடியில் ஒரு லாரி ஷெட்டில் மாமா மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னபோது, "அது வேற எவனாவது இருப்பான். என் புள்ள கல்கத்தாவுல கீறான்" என்றார் தாத்தா. அதை நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் செத்தபோது அப்பா லாரி ஷெட்டுக்குப் போய் மாமாவை அழைத்துவந்தார். மாமா தாடி வைத்திருந்தார். கொள்ளி போட்டுவிட்டு, வீட்டுக்குள் காலடி வைக்காமல் சுடுகாட்டிலிருந்தே போய்விட்டார்.

கல்யாணமாகிக் கொரட்டூருக்குக் குடிவந்த பிறகுதான் அம்மாவிடம் அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்டி. அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

அப்போது சொன்னாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மாமாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது, அப்பாவின் ஃபேக்டரி முகவரிக்கு. முகாமில் முதல் கட்டத் தேர்விலேயே அவரைக் கழித்து அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பி ஒரு மாதமாகக் குமணன்சாவடியில் ஒரு சிநேகிதனோடு இருக்கிறார். 'நைனா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஊட்டுக்கு வரேன். அதுக்குள்ள நீயே பக்குவமா சொல்லிடுக்கா' என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை ரேஷன் வாங்கிவந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் அம்மா இருந்திருக்கிறாள்.

"வந்து பாத்தா நைனா வெள்ளைச் சட்டைய போட்டுகினு நிக்கிறாரு. அந்த மூஞ்சப் பாத்து எப்புடிடி சொல்றது?"

மாமா சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார். ஸ்டேஷன் வாசலில் பேப்பர் கடை வைத்திருந்தவர் பின்னால் அப்பாவிடம் சொன்ன விஷயம் இது. மாமா ரயிலை விட்டு இறங்கியதும் கூட விளையாடிய பையன்கள் நாலு பேர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். "இன்னா மாமே, நேத்து கல்கத்தாவுல கோல் போட்டுட்டு இன்னிக்கு இங்க வந்து நிக்கறே? ப்ளேன்லயா வந்தே? உங்க நைனா தெருவெல்லாம் சொல்லி அழுதாருடா!" மாமா சிரித்தாராம். என்ன கோல், யார் சொன்னது என்று எதுவும் கேட்கவில்லையாம். கையில் தாத்தாவுக்கென்று வாங்கிய பழப் பை ஒன்று இருந்திருக்கிறது. அதை அந்தப் பையன்களிடமே கொடுத்துவிட்டு, ஒரு சாமான் வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லி, எதிர் பிளாட்பாரத்துக்குப் போய் சென்ட்ரல் போகும் வண்டியில் ஏறிவிட்டார்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. அம்மா விடியற்காலையிலேயே எழுந்து வஞ்சிர மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். சம்பள நாளில்கூட இல்லாத செலவு. எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. தாத்தா நேற்றைய கோலைப் பற்றி அப்பாவிடம் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கிண்ணத்தில் இரண்டு பெரிய துண்டங்களை எடுத்துத் தட்டு போட்டு மூடி வைத்தாள்.

"தெருமுனை வரைக்கும் போய் யாராச்சும் வராங்களான்னு பாரு" என்று என்னை அனுப்பினாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாரும் வரல" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பினாள். மூன்றாவது முறை நான் முனைவரை போகவே இல்லை. வேலி ஓரம் நின்று ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி, "யாரும் வரல" என்று சொன்னேன்.

மூன்று மணிக்கு அம்மா கிண்ணத்தை எடுத்து, இரண்டு துண்டத்தையும் என் தட்டில் வைத்தாள். நேற்றைய பொய்க்காக அடிப்பாள் என்று பயந்திருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனசு மாறி மறுபடி எடுத்துக்கொண்டுவிடப் போகிறாளே என்று, முள்ளைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வேகவேகமாகத் தின்றேன். அம்மா எதிரில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.