டாக்டரம்மா ஜீப்பில் ஏரியல் நட்ட கதை

வீட்டு ரேடியோவை ரிப்பேர் செய்பவனுக்கு ஒரே முதலாளி. வண்டியில் ரேடியோ மாட்டுபவனுக்கு மூன்று பேர்: வண்டிக்குச் சொந்தக்காரர், வண்டியை ஓட்டுபவர், அப்புறம் வண்டி. இந்த மூன்றில் வண்டி ஒன்றுதான் கொஞ்சமாவது சொன்ன பேச்சு கேட்கும். அடுத்தவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ, "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" என்ற கேள்வியைக் கால்மாட்டிலிருந்து கேட்டிருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. ஹாம் ரேடியோ லைசென்சும் இருந்தது. பரீட்சை எழுதி, மோர்ஸ் தட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினால், சொந்தமாக ஒரு செட் வைத்துக்கொண்டு இன்னொரு லைசென்ஸ்காரரோடு பேசலாம். ஊர் வம்பு, வியாபாரம் எதுவும் பேசக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாருக்காகவும் சேதி சொல்லலாம்.

எங்கள் ஊரில் லைசென்ஸ் வைத்திருந்த இன்னொருவர் டாக்டர் மனோன்மணி. சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்திவந்தார். வியாழக்கிழமைதோறும் ஜீப்பில் ஜவ்வாது மலைக்குப் போய் வைத்தியம் பார்ப்பார். முந்தின வருஷம் அங்கிருந்து ஒரு கர்ப்பிணியை அவசரமாகக் கீழே கொண்டுவந்திருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வேலூரிலிருந்து வந்து ஐந்து மணி பஸ்ஸில் திரும்புகிறவர். அன்றைக்கு அவர் எப்போதும்போல பஸ் ஏறிவிட்டார். மலையில் போன் கிடையாது, முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. டாக்டரம்மா என் கடையில் நின்றபடியே இதைச் சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மழைக்கு முன்னாடி என் ஜீப் மலையிலேர்ந்து ஊருக்குப் பேசணும், குப்புசாமி. முடியுமா முடியாதா?" என்றார். முடியும் என்றேன். அதுவரை ஒரு வண்டியிலும் நான் ரேடியோ மாட்டியதில்லை.

இரண்டு ஓட்டை

செட் கிடைத்துவிட்டது. மெட்ராஸில் வாங்கிய பழைய மிலிட்டரி செட். பாதிக்கு மேல் நானே மாற்றிக் கட்டினேன். வண்டியில் வைப்பதற்கான அனுமதியை டாக்டரம்மாவே எழுதிப்போட்டு வாங்கிவிட்டார். கடைசியில் என்னை நிறுத்தியது டிரைவர் ஏழுமலை. டிரில்லிங் மிஷினோடு ஜீப்புக்குப் பின்னால் போனேன். அவர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கூரை கித்தான், அதில் ஏரியல் நிற்காது. பின்பக்கம் வலது மூலையில் ஸ்டெப்னி. மிச்சம் இருந்தது இடது மூலை. மின்கம்பத்துப் பீங்கான் ஒன்றை அங்கே பொருத்தி, அதன்மேல் எட்டடிக் கம்பியை நிறுத்த வேண்டும், அதற்கு இரண்டே ஓட்டை. டாக்டரம்மா சம்மதித்துவிட்டார் என்று சொன்னேன். ஏழுமலை அசையவில்லை. அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு, ஓட்டையைச் சுற்றி ரப்பர் வைத்து, மழைத்தண்ணீர் இறங்காமல் தார் பூசித் தருவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நகரும்போது சொன்னார்: "வண்டிதான் அம்மாவுது. அதும்மேல ஓட்டை போடணும்னா எங்கிட்டதான் கேக்கணும்."

மருந்து எங்கே

மாட்டியாயிற்று. எஞ்சினை நிறுத்தி வைத்தால் செட்டில் கொழும்பு ஹாம்காரர் ஒருவர் பேசுவது கேட்டது. எஞ்சினைப் போட்டால் எஞ்சின் மட்டும்தான் கேட்டது. பட பட படவென்று காதைக் கிழித்தது. நான் செட்டுக்குள் வடிகட்டி வைத்தேன், தகரப் பெட்டி கட்டினேன், ஒயரை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். மூன்று வாரம் இதே பிழைப்பு. வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி கூட அந்தச் சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் டாக்டரம்மா வந்து ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏழுமலையை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதிக்க மிதிக்கச் சத்தமும் ஏறியது. ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அன்று மாலையே பிளக் ஒயர்களுக்கு உறை போட்டேன். டைனமோவுக்குக் கண்டென்சர் வைத்தேன். பானெட்டைச் செப்புப் பட்டையால் சேஸியோடு சேர்த்துக் கட்டினேன். இரைச்சல் அடங்கிவிட்டது. மூன்று வாரம் எனக்குத் தோன்றாததை அவர் ஒரே வரியில் சொல்லியிருந்தார்: "நோய் எஞ்சின்ல இருக்கு, நீங்க ரேடியோவுக்கு மருந்து குடுத்துக்கிட்டிருக்கீங்க."

வெந்த பழம்

அடுத்த வாரம் செட்டைப் போட்டுப் பேசினால் ஏரியலில் கரண்டே ஏறவில்லை. முந்தின நாள் நன்றாக இருந்தது. கருகிய வாடை வேறு. பின்னால் போய்ப் பார்த்தேன். ஏரியலின் நடுவில் நான் இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றிய செப்புக்கம்பிச் சுருளின்மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் இரும்புக் கம்பியில் கோத்துக் கட்டித் தொங்கின. பழத்தின் ஒரு பக்கம் பழுப்பாகியிருந்தது. தொட்டால் சுட்டது. இரும்புக் கம்பி சுருளை ஷார்ட் ஆக்கியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். ஏழுமலை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழத்தை முகர்ந்து பார்த்தார், முகத்தில் திருப்தி தெரிந்தது. கடைசியில் பழம் முன்பக்கம் பம்பரில், கயிற்றில் மட்டும் கட்டுவது என்று பேசி முடித்தோம். ஆனால் சுருள் கருகியதற்குத் தான் காரணம் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "பழமே வெந்துபோச்சுன்னா, இந்தக் கம்பிமேல எவ்ளோ கண்ணு பட்டிருக்குதுன்னு பாத்துக்க மெக்கானிக்கு."

ஆளில்லாத முகாம்

ஏரியலோடு ஜீப் முதல்முறையாக மலையேறிய வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். வழக்கமாக நாற்பது பேராவது காத்திருப்பார்களாம். அன்று ஒரு நாய் மட்டும் இருந்தது. அடுப்பில் கேழ்வரகுக் களி கொதித்துக்கொண்டிருந்தது, கிளற ஆளில்லை. டாக்டரம்மா குழம்பிப்போய் நின்றார். எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் எட்டடிக் கம்பி ஆட வருகிற ஜீப் ஒன்றே ஒன்றுதான்: போலீஸின் சாராய ரெய்டு ஜீப்.

டாக்டரம்மா மேட்டில் ஏறி நின்று, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் புதரிலிருந்து வந்தார்கள். அன்றிரவு வீடு திரும்பியதும் கம்பியை மடக்கிப் படுக்கவைக்க ஒரு கீல் செய்ய ஆரம்பித்தேன். புதரிலிருந்து முதலில் வந்த பெரியவர் முள்ளைக் காலிலிருந்து பிடுங்கியபடி சொல்லியிருந்தார்: "ஊசி போடற அம்மான்னு தெரிஞ்சிருந்தா அப்பவும் ஓடியிருப்போம், இவ்ளோ தூரம் ஓடியிருக்க மாட்டோம்."

மலை சுற்றிய செட்

அன்று ஊரோடு பேசிப் பார்க்க நேரமே இல்லை. அதனால் அடுத்த சோதனையை ஊரிலேயே வைத்துக்கொண்டேன். எங்கள் வீடு பேய்க்கோபுரத் தெருவில், ஊரார் வலம் வருகிற திருவண்ணாமலை மலையின் அடிவாரத்தில். வீட்டு செட்டின் முன்னால் என் மனைவி பத்மா உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு லைசென்ஸ் இல்லை, பேசக்கூடாது, கேட்கலாம். கேட்பதை ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மார்க் போட்டு நோட்டில் எழுதுவாள். நான் ஜீப்பில் மலையைச் சுற்றிக்கொண்டே பேசுவேன். செங்கம் ரோடில் ஒன்பது. அடி அண்ணாமலையில், முழு மலையும் நடுவில் நிற்கிறபோது கூட ஆறு. மூன்று நாள் சுற்றினோம், மூன்று நாளும் அதே மார்க். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மாவிடம் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. செட்டைக் கழற்றினேன், மாட்டினேன், மலையைச் சுற்றினேன், ஒன்பது. மறு வியாழன் மறுபடி ஊமை. மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்தப் போன வருஷத்துத் தாய் என் கனவில் வரவில்லை, ஆனால் பகலெல்லாம் வந்தாள். விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். நோட்டை நூறு தடவை புரட்டினேன். பத்மாதான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க எப்பப் பாத்தாலும் என்னை வலது கைப் பக்கமே வெச்சிக்கிட்டு சுத்தறீங்க, இடது பக்கம் வந்தா கேக்குமான்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

ஏரிக்குள்

அவள் சொன்னது முழுக்க உண்மை. மலையை வலமாகத்தான் சுற்றுவோம். மலை வலக்கைப் பக்கம் இருக்கும். மலையடியில் இருக்கிற என் வீடும் வலக்கைப் பக்கமே இருக்கும். வண்டியின் ஒரு மூலையில் நட்ட ஏரியல் எதிர்மூலைப் பக்கம்தான் கொஞ்சம் ஜாஸ்தி அனுப்பும். நாங்கள் நட்டது பின்னால் இடது மூலை. ஆகவே முன்னாலும் வலப்புறமும் பலம், முதுகுப் பக்கம் கம்மி. ஊரிலிருந்து ஜவ்வாது மலையேறிப் போன வண்டி ஊருக்கு முதுகைக் காட்டித்தானே நிற்கும்? இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இருந்தும் ஒருமுறை கூட எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் பிறந்தவன் யாருக்கும் தோன்றாது.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரே ஒருமுறை மலையை இடப்புறமாகச் சுற்றுவோம் என்று ஏழுமலையைக் கேட்டேன். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். ஓடிப்போய் சமாதானம் சொல்லி, வேங்கிக்கால் ஏரிக்கு அழைத்துப்போனேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. நின்ற இடத்திலேயே வண்டியை எட்டுத் திசைக்கும் திருப்பித் திருப்பிப் பேசினேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தோம். மூக்கு ஊரைப் பார்த்தால் ஒன்பது, முதுகு பார்த்தால் ஐந்து. பக்கத்தில் இருக்கும்போது இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. மலையிலிருந்து குரல் தேய்ந்து வரும்போது இதுதான் எல்லாமே. ஏழுமலை நோட்டை வாங்கிப் பார்த்தார். "இதுக்கும் மூஞ்சிய பாத்துப் பேசினாத்தான் கேக்கும் போலக்குது."

நாலு இருபது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு வீட்டு செட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அன்று நாலு மணிக்கு டாக்டரம்மாவின் குரல் வந்தது, ஆனால் பாதி வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பேச்சு தேய்ந்தால் வண்டியைத் திருப்ப வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். அதற்கப்புறம் இருபது நிமிஷம் வெறும் இரைச்சல். அங்கே என்ன நடந்ததென்று பிறகு ஏழுமலை சொன்னார். வண்டி நின்றது ஒரு வண்டி அகலமே உள்ள சேற்றுப் பாதையில், திரும்ப இடமே இல்லை. ஊர் ஆண்கள் இருபது பேர் ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கி, தோள் கொடுத்து, அப்படியே சுற்றி வைத்திருக்கிறார்கள்.

நாலு இருபதுக்குக் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி வந்தது. "குப்புசாமி, குழந்தை குறுக்கே இருக்கு. தாயைக் கூட்டிக்கிட்டு கிளம்பறேன். ஆபரேஷன் ரூம் ரெடியா இருக்கணும்." சரி என்றேன். "மயக்க மருந்து டாக்டர் பஸ் ஏறக் கூடாது." சரி என்றேன். "வர ஏழு ஏழரை ஆயிடும்." சரி என்றேன். இரண்டாவது சரிக்கே பத்மா குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேதி சொல்லியிருக்கிறாள். மயக்க மருந்து டாக்டர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டிருக்கிறார். அங்கே ஓடியிருக்கிறாள். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. குடையை விரித்தபடி அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள். கண்டக்டர் திட்டியதை அவள் இன்றுவரை எனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்தேன். ஏழரைக்கு ஜீப் வாசலுக்கு வந்தது. ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்தது. பெண் குழந்தை, தாயும் பிழைத்தாள். டாக்டரம்மா வெளியே வந்து முதல்முறையாக என் எதிரில் உட்கார்ந்தார். குழந்தையின் அப்பன் இடுப்பு வரை சேறோடு நின்றிருந்தான், ஜீப்பைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். ஏழுமலை என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவன் கிட்டே வந்தான். "பொட்டியில பேசினது நீங்கதானா? அம்மா சொல்லச் சொல்ல நீங்க சரி, சரின்னு மட்டும்தான் சொன்னீங்க. அதக் கேட்டப்புறம்தான் எம் பொஞ்சாதிகிட்ட ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன்."

ஏழு மாதம் வண்டிக்கு அடியில் கிடந்து நான் காற்றில் அனுப்பிய உருப்படியான பேச்சு மொத்தமும் அந்த ஒற்றை வார்த்தைதான் என்பதை, இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.