சித்தி கேட்ட இரண்டு சோடிச் சப்பாத்து

சித்தியைப் பெண் பார்ப்பதற்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு பௌலிங் விளையாடும் இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள் என்று மாமா வந்து சொன்னபோது, எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஒருவருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கிரிக்கெட்டில் பந்து போடுவதைத்தான் பௌலிங் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். சேலை கட்டிக்கொண்டு சித்தி எப்படி ஓடிவருவார், மாப்பிள்ளை மட்டை பிடிப்பாரா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கனடாவிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வந்திருந்தார். வெள்ளவத்தையில் இருந்த அவருடைய அக்காதான் தொலைபேசியில் பேசியவர். வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொல்வது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம், பொது இடம் என்றால் பார்த்தோம் போனோம் என்று இருக்கலாம் என்றாராம். அது நியாயமாகத்தான் பட்டது. எங்களுக்குத் தெரிந்தவர்கள் கோயிலில் சந்தித்தார்கள், ஐஸ்கிரீம் கடையில் சந்தித்தார்கள். இது அவருடைய தம்பிக்குப் பிடித்த இடம், அவ்வளவுதான்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்தார். அப்பா துபாயில் இருந்த காலம் அது. ஆகவே வீட்டில் எந்தக் காரியம் என்றாலும் மாமாதான் முன்னுக்கு நிற்பார். கடைக்கு வருகிறவர்களிடம் விசாரித்து அவர் விவரம் கொண்டுவந்தார். குளிரூட்டிய பெரிய மண்டபம். தேங்காய் அளவில் பந்து. அந்தத் தொங்கலில், மறுமுனையில், பத்துக் கட்டைகள் நிற்கும், பந்தை உருட்டி அவற்றை விழுத்த வேண்டும். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் கேட்டறிந்திருந்தார். சத்தம் போட்டுக் கதைக்கக் கூடாது. ஒருவர் பந்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் குறுக்கே போகக் கூடாது. கறுப்புக் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. ஒருவருக்குக் கட்டை விழாவிட்டால் சிரிக்கக் கூடாது. எதையும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று கடைசியாகச் சொன்னது எனக்கு மட்டும்.

நான் எல்லாவற்றையும் மனதில் பதித்துக்கொண்டேன். புது இடம் என்றால் எனக்குப் பயம். என்ன செய்யக் கூடாது என்று முன்பே ஒருவர் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இன்றைக்கும் நான் அப்படித்தான்.

சப்பாத்தைப் பற்றி மட்டும் மாமாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சித்திக்குச் சிறுவயதில் ஒரு காய்ச்சல் வந்து வலது கால் மெலிந்து போனது. பாதமும் சரியாக வளரவில்லை. இடது காலுக்கு ஐந்தாம் அளவும் வலது காலுக்கு மூன்றாம் அளவும் வேண்டும். வெளியே போகும்போது மூடிய சப்பாத்துப் போட்டு, வலது பக்கத்தின் நுனியில் துணியைச் சுருட்டி அடைத்துக்கொள்வார். சேலையை நிலத்தில் படுகிற மாதிரிக் கட்டி மெதுவாக நடந்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்தார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தனியாகத்தான் போய்வருவார். எனக்கு அந்தக் கால் ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. ஆனால் பெண் பார்க்க யாரும் வருகிற நாளில் அது வீட்டின் பெரிய இரகசியமாகிவிடும். அவர்கள் வருவதற்கு முன்பே சித்தியைக் கதிரையில் இருத்திவிடுவார்கள். தேத்தண்ணீர்த் தட்டை அம்மாதான் கொண்டுபோவார். அப்படியிருந்தும் இரண்டு சம்பந்தம் எப்படியோ தெரியவந்து நின்றுபோனது.

சித்திக்கு முப்பத்திரண்டு வயதாகியிருந்தது. கனடா மாப்பிள்ளையின் சாதகம் நன்றாகப் பொருந்தியது. இதுவும் போனால் இனி ஒன்றும் வராது என்று மாமா பயந்தார். காலைப் பற்றிக் கலியாணத்துக்குப் பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருடைய முடிவு. ஆகவே சித்திக்குத் தலையிடி. விளையாட மாட்டார், நேரே போய் இருக்கையில் இருந்துவிடுவார். யாராவது என்னைக் கேட்டால் நானும் தலையிடி என்றே சொல்ல வேண்டும். அம்மா வீட்டில் நின்றுகொண்டார். மாமாவும் சித்தியும் நானும் முச்சக்கர வண்டியில் போனோம். சித்தி கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தார்.

அவர்களுக்கு முதல் போய் இருந்துவிட வேண்டும் என்று மாமா நேரத்தோடு புறப்படச் செய்திருந்தார். ஆனால் அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அங்கே ஒரு நீண்ட மேசை. அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாகச் சிவப்பும் நீலமும் கலந்த சப்பாத்துகள், ஒவ்வொன்றின் குதியிலும் ஓர் இலக்கம். வருகிறவர்கள் தங்கள் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அளவைச் சொல்லி அங்கேயுள்ளதை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வெளிச் சப்பாத்தோடு விளையாடும் அந்தப் பளபளப்பான பலகைத் தரையில் கால் வைக்க விடமாட்டார்களாம். மாமா அப்படியே நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை உயரமாக, கண்ணாடி போட்டு, எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியரைப் போல இருந்தார். அவர் சித்தியிடம் என்ன அளவு என்று கேட்டார். சித்தி வாய் திறக்க முன்பே மாமா தலையிடியைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வற்புறுத்தவில்லை. இருந்து பார்த்தாலும் நேரம் போகும் என்றார். பிறகு எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்து, குனிந்து நாடாவை அவரே கட்டிவிட்டார். எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

அந்த இடத்தைப் போல ஒழுங்கான இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உருட்டிய பந்து தானாகத் திரும்பி வந்தது. விழுந்த கட்டைகள் தானாக எழுந்து நின்றன. பின்னால் யாரோ ஒளிந்திருந்து அடுக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாங்களும் பக்கத்துப் பாதையில் விளையாடுகிறவர்களும் ஒரே நேரத்தில் எழும்பினால் வலப்பக்கம் நிற்பவரை முதலில் விட வேண்டும் என்று மாப்பிள்ளை எனக்குச் சொல்லித் தந்தார். எங்களுக்கு வலப்பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் விளையாடியது. அந்தக் குடும்பத்துத் தகப்பன் நல்ல பருமன். அவர் உருட்டிய பந்தெல்லாம் ஓரத்தில் வாய்க்கால் போல ஓடிய கானுக்குள் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் கை தட்டினார்கள், அவரும் பெரிய காரியம் செய்தவர் போலத் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய் இருந்தார். மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் பந்தோடு பின்வாங்கி, அவர் உருட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். நான் இரண்டு கையாலும் உருட்டி மூன்று கட்டை விழுத்தினேன். அதற்கும் கை தட்டினார்கள். சித்தி கைப்பையை மடியில் வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அக்கா சித்திக்குப் பக்கத்தில் இருந்தார். பனடோல் வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். அடிக்கடி தலையிடி வருமா என்று கேட்டார். கனடாவில் ஆறு மாதம் குளிர், பனிக்குள் நடந்துதான் வேலைக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, தம்பிக்காகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மாமாதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இண்டைக்குத்தான் இப்பிடி. மற்றப்படி அவளுக்கு ஒரு நோய் வருத்தம், ஒரு குறை கிடையாது” என்றார் மாமா.

சித்தி மாமாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு எழும்பினார்.

“எனக்கு இப்ப சுகம். நானும் விளையாடுறன்” என்றார். “வா குஞ்சு.”

என்னை அவர் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் நின்ற பையனைச் சித்தி மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட்டு, ஒரு சோடி சொக்ஸும், ஐந்தில் ஒரு சோடி, மூன்றில் ஒரு சோடி சப்பாத்தும் தரும்படி சிங்களத்தில் கேட்டார். பையன் என் காலைப் பார்த்து, இந்தப் பிள்ளை ஏற்கெனவே போட்டிருக்கிறதே என்றான். இரண்டும் எனக்குத்தான், ஒரு காலுக்கு ஒன்று என்றார் சித்தி. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்கும். பையன் இரண்டு சோடியையும் எடுத்து வைத்தான்.

அந்த மேசைக்குப் பக்கத்திலேயே இருப்பதற்கு ஒரு நீள வாங்கு இருந்தது. அதிலேயே இருந்துகொண்டு சப்பாத்தை மாற்றிவிட்டு வந்திருக்கலாம். சித்தி நான்கு சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, மாப்பிள்ளையின் அக்காவுக்கு முன்னால் இருந்து, சேலையைக் கொஞ்சம் உயர்த்தித் தன்னுடையதைக் கழற்றினார். வலது சப்பாத்துக்குள்ளிருந்து துணிச்சுருள் விழுந்தது. அதை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மாமா உயரத்தில் இருந்த புள்ளித் திரையை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். ஒரு ஆளுக்கு இரண்டு சோடி எடுப்பது அங்கே மரியாதைக் குறைவோ, அதனால்தான் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்களோ என்று எனக்குப் பயம் வந்தது. மாமா சொன்னவற்றில் அது இருக்கவில்லை.

“கால் என்ன நடந்தது?” என்று அக்கா மெல்லக் கேட்டார்.

“சின்னனில காய்ச்சல் வந்தது. அதில இப்பிடி ஆயிட்டுது. நடப்பன், படி ஏறுவன், வேலைக்கும் போறன். நிலத்தில சம்மணம் போட்டு இருக்கிறதுதான் கஷ்டம்” என்றார் சித்தி, நாடாவைக் கட்டிக்கொண்டே. பிறகு நிமிர்ந்து சொன்னார். “அண்ணா உங்களிட்ட சொல்லத்தான் இருந்தவர். நான் முந்திட்டன்.”

மாமா அப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பந்தோடு நின்றவர் அதை வைத்துவிட்டு, பாரம் குறைந்த வேறொரு பந்தைத் தேடி எடுத்து வந்து சித்தியிடம் நீட்டினார். உங்களுடைய முறை என்று மட்டும் சொன்னார்.

சித்தி சேலைத் தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகினார். முன்பக்க மடிப்பான கொய்யகத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி அதையும் செருகினார். பக்கத்துப் பருமனான மனிதர் எழும்பியிருந்தார். சித்தி பின்வாங்கி நின்று அவரை உருட்டவிட்டார். பிறகு நடந்தார். மெதுவாக நடக்காதபோது அவருடைய நடை எப்படி இருக்கும் என்பதை வீட்டுக்கு வெளியே அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்து எழும்பி, சரிந்து எழும்பி, பலகையில் ஒரு கால் பலமாகவும் மற்றது மெதுவாகவும் சத்தம் போட, கோட்டருகே போய்ப் பந்தை விட்டார். அது கானுக்குள் விழுந்தது. சித்தி திரும்பி வந்து, பந்து வருமட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது முறை பந்து ஆடி ஆடிப் போய், ஒன்றைத் தவிர எல்லாக் கட்டைகளையும் விழுத்தியது. முதலில் கை தட்டியவர் பக்கத்துப் பருமனான மனிதர். பிறகு மாப்பிள்ளை. பிறகு அவருடைய அக்காவும் தட்டினார். நான் துள்ளியதில் மாமா சொன்ன ஒழுங்கு எல்லாம் மறந்துபோனது. சித்தி அந்தப் பருமனான மனிதரைப் போலவே தலை குனிந்து வணங்கினார். அவர் அப்படிப் பகிடி செய்வார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். விவரம் கேட்டு அம்மா அழுதார். மாமா சட்டையைக்கூட மாற்றாமல் விறாந்தையில் இருந்தார்.

“ஒரு மணித்தியாலம் பேசாம இருந்திருந்தா எல்லாம் சரிவந்திருக்கும்” என்றார்.

“ஒரு மணித்தியாலம் எண்டா இருந்திருப்பன் அண்ணா. இது ஆயுசு முழுக்க எல்லோ?” என்றார் சித்தி.

சித்தி உள்ளே போய் மாமாவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

அடுத்த கிழமை வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசி வந்தது. சாதகத்தைத் திரும்பவும் பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். முன்பு பொருந்திய சாதகம் ஒரு கிழமைக்குள் எப்படிப் பொருந்தாமல் போனது என்று நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா என்னைப் போய்ப் படிக்கச் சொன்னார்.

சித்தி இப்போது வத்தளையில் இருக்கிறார். ஹெந்தளைப் பக்கத்து மனிதர் ஒருவரைக் கட்டினார். அந்தச் சம்பந்தம் பேச வந்தபோது கதவைத் திறந்து, நடந்துபோய்த் தேத்தண்ணீர் கொடுத்தவர் சித்திதான். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கிவிட்டார். எனக்கு ஏதாவது ஒன்றை வாய் திறந்து கேட்கப் பயமாக இருக்கும்போதெல்லாம், வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ, அந்த மேசைக்கு முன்னால் நின்று ஐந்தும் மூன்றும் கேட்ட சித்தியை நினைத்துக்கொள்வேன். சில வேளை அது உதவும்.

ஆனால் தொலைபேசி வந்த அன்று இரவு எனக்கு இதெல்லாம் தெரியாது. முந்திய சம்பந்தங்கள் நின்றபோது சித்தி விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவர். அன்றைக்கு அம்மாவும் மாமாவும்தான் சாப்பிட வரவில்லை. சித்தி இடியப்பத்தை அடுக்கி வைத்து, சொதியை ஊற்றி, நன்றாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பக்கத்தில் போய் இருந்து மெதுவாகச் சொன்னேன்.

“சித்தி, கனடாக்காரர் வேண்டாம் எண்டு சொல்லிட்டினமாம்.”

“ஓம் குஞ்சு, தெரியும். அந்தச் சம்பலை இஞ்சால தள்ளு.”

அவருக்கு விஷயம் சரியாக விளங்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஆனால் வயிறாரச் சாப்பிடுகிற ஒருவரிடம் அதை இரண்டாம் தரம் சொல்வது மரியாதை இல்லை. நாளைக்கு அம்மா ஆறுதலாகச் சொல்லட்டும் என்று நினைத்து, சம்பல் கோப்பையைச் சித்தியின் பக்கம் தள்ளி வைத்தேன்.