மேர் ஐயாவின் இருமல்

மேர் ஐயாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அவருடைய இருமல்தான் வந்து நிற்கும். சளி பிடித்த இருமல் இல்லை. தொண்டையில் ஒன்றும் இல்லாமலே, வரப்பில் ஏறியதும் ஒரு முறை "க்கும்" என்பார். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் கரும்புக் கொல்லைகளில் பாதி அவருடையவை. பிரெஞ்சு சர்க்காரில் எங்கள் வட்டாரமான பாகூர் கொம்யூனுக்குத் தலைவர், அதாவது மேரும் அவர்தான். அந்தச் சத்தம் கேட்டதும் களை பறித்துக்கொண்டிருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்குவார்கள். பிறகு ஆண், பெண் எல்லாரும் வலது கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எங்கள் மூச்சு அவர் மேல் படக்கூடாது என்பது ஏற்பாடு. அப்பா அப்படி நின்றார், அம்மா அப்படி நின்றாள், நடக்கப் பழகியதும் நானும் நின்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. கொசு கடித்த இடத்துக்குக் கை தானாகப் போகுமே, அப்படித்தான் அது போனது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் தமிழும் பிரெஞ்சும் படித்து, வாத்தியார் வேலைக்குப் போதுமான பிரவே பரீட்சையும் தேறினேன். அந்தச் செய்தியை அப்பா கொல்லையில் மேர் ஐயாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்சு முடிச்சா எங் கரும்புக்குத்தானேடா வரணும்? இன்னா, பிரெஞ்சுல களை பறிப்பாளா?"

சுற்றி நின்றவர்கள் பொத்திய கைக்குள்ளேயே சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்பாவுக்கு மன்னித்துவிட்டேன். மேர் ஐயாவுக்கு மன்னிக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் கொம்யூன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மா வேலை விழுந்தது. புதுச்சேரியிலிருந்து பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் துரை வந்து, மேரின் அலுவலகமான கச்சேரியில் உட்கார்ந்து, நேரில் கேள்வி கேட்டு ஆள் எடுப்பார். மனு கொடுத்தவர்களில் மேர் ஐயாவின் தம்பி மகளும் ஒருத்தி. நான் பாடங்களை எல்லாம் தலைகீழாகச் சொல்லும்படி தயாராகிப் போனேன். துரையைக் கண்டு எனக்குப் பயமில்லை. முதல் கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். துரைக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து "க்கும்" என்றது.

என் கை வாய்க்குப் போய்விட்டது.

எல்லாப் பதிலும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் கைக்குள்ளேயே சொன்னேன். துரை காதைச் சாய்த்துப் பார்த்தார். மேர் ஐயா சிரித்துக்கொண்டே, "ஏ பொண்ணு, கைய எடுத்துட்டுப் பேசு. தொரைக்குக் கேக்கலையாம்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி இருமினார். எடுக்க முயன்ற கை இன்னும் இறுகிக்கொண்டது. பிறப்பிலிருந்து அவர் பூட்டிய கை அது. அவர் எதிரில் நான் எப்படித் திறப்பேன்? வேலை தம்பி மகளுக்குப் போனது. நான் கரும்புக்குப் போனேன். கரும்புச் சோகை கீறிய கைகளோடு அவர் எதிரில் அதே மாதிரி வாய் பொத்தி நின்றேன். அப்போதெல்லாம் அவர் எனக்காக மட்டும் இன்னொரு தரம் இருமுவார்.

அவமானம் சிலரைப் படுக்கவைக்கும். எனக்கு அது நன்றாகப் பசியைக் கிளப்பியது. தம்பி மகள் கலியாணமாகிக் காரைக்காலுக்குப் போய்விட்டாள், அடுத்த வருஷமும் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் புத்தகத்தைத் தொடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "மேரு மாதிரி இருமும்மா" என்றேன்.

அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "ஐயோ, அந்தாளு காதுல வுழுந்தா வேல போயிடும்டி" என்றாள். பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மேர் மாதிரி உட்கார்ந்து, இல்லாத மீசையை முறுக்கி, "க்கும்" என்றாள். அச்சு அசல் அவர்தான்! என் கை பறந்து போய் வாயில் ஒட்டிக்கொண்டது.

"கை போச்சு பாரு! மறுக்கா சொல்லு."

பிரெஞ்சில் நான் என்ன சொல்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் என் கையை மட்டும். அது அசைந்தால் துடைப்பத்தால் ஒன்று வைப்பாள். சேதி மெல்லத் தெருவில் பரவியது. நான் தண்ணீர் எடுக்கப் போனால் கிணற்றடியில் ஒருத்தி இருமுவாள். சாணி தட்டும்போது பின்னாலிருந்து ஒருத்தி இருமுவாள். "இன்னாடி வாத்தியாரம்மா, கை எங்க போவுது?" என்று சிரிப்பார்கள். பொத்திய கைக்குள் சிரித்துப் பழகிய பெண்கள், இப்போது கையை வீசிச் சிரித்தார்கள். எங்கள் தெருவுக்கே கக்குவான் வந்துவிட்டது என்று மேர் வீட்டு ஆட்கள் பேசிக்கொண்டார்களாம். கடைசியில் எவள் இருமினாலும் என் கை மடியை விட்டு எழவில்லை.

மறு வருஷம் அதே கச்சேரி, அதே துரை. எனக்கு நாற்காலி காட்டினார்கள். உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். துரை கேட்டதும், வலப்பக்கமிருந்து எதிர்பார்த்த "க்கும்" வந்தது. நான் பதில் சொன்னேன். இன்னும் பலமாக ஒன்று வந்தது. நான் மேர் ஐயாவை நேராகப் பார்த்துக்கொண்டே அடுத்த பதிலைச் சொன்னேன். அவர் கண்ணின் நிறம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஒரு பிள்ளைக்குப் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றால் என்ன செய்வாய்?" என்று துரை கேட்டார்.

"அது யாரைக் கண்டு பயப்படுகிறது என்று முதலில் பார்ப்பேன்" என்றேன்.

மேர் ஐயாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. துரைமார் எது சொன்னாலும் "வி, மிசே" என்று தலையாட்டுவார், அதாவது ஆமாங்க ஐயா. என் பதில் அவருக்கு விளங்கவில்லை, ஆனால் துரை புன்னகைத்தது தெரிந்தது. தொடர்ந்து இருமத் தொடங்கினார். துரை எரிச்சலோடு அவர் பக்கம் திரும்பி, எதற்கு இப்படி இருமுகிறீர்கள் என்று அதட்டினார்.

மேர் ஐயா எழுந்தார். தோளில் கிடந்த அங்கவஸ்திரம் நழுவிக் கக்கத்துக்குள் போனது. பிறகு, வைர மோதிரம் போட்ட அந்த வலது கை மெல்ல மேலே வந்து, அவர் வாயைப் பொத்தியது. கைக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

இப்படி ஒன்று நடக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் கிடைத்ததை விடவும் இல்லை.

"ஐயா, கைய எடுத்துட்டுப் பேசுங்க. தொரைக்குக் கேக்கலையாம்" என்றேன்.

அந்தக் கை கீழே இறங்கவில்லை. துரை என்னைப் பார்த்தார். நான் நல்ல பிரெஞ்சில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: "இவர் இருமினால் நாங்கள் வாயைப் பொத்த வேண்டும். நான் பதில் சொல்லாமலிருக்கத்தான் இருமுகிறார். போன வருஷமும் அதற்குத்தான் இருமினார்."

"உண்மையா?" என்று துரை அவரையே கேட்டார்.

"வி, மிசே" என்று தலையாட்டினார் மேர் ஐயா. "வி, வி."

வேலை எனக்குக் கிடைத்தது. அப்பாவையும் அம்மாவையும் மேர் ஐயா கரும்பு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "போனா போவட்டும்டி, இருமிப் பார்த்தாச்சு" என்றாள் அம்மா. என் வகுப்பில் முதல் நாள் பாடம் இன்றுவரை ஒன்றுதான்: பேசும்போது கை கீழே இருக்க வேண்டும்.

போன மாதம் மேர் ஐயா செத்துப்போனார். செத்தவர் மேல் பகை கூடாது என்று அப்பா சொன்னார். நான் போனேன், பகையோடுதான் போனேன். வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத்துணியால் வாயைக் கட்டியிருந்தார்கள். மோதிரத்தைக் கழற்றிய விரலில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது. அவர் மகன் வீட்டுக்குள்ளிருந்து வந்து, கூட்டத்தைப் பார்த்து "க்கும்" என்றார். ஓரமாக நின்ற எங்கள் தெரு ஆண்களின் துண்டுகள் கக்கத்துக்குப் போயின, கைகள் வாய்க்குப் போயின. என்னோடு வந்திருந்த என் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் கைகள் மட்டும் கீழேயே தொங்கின. அவர் எங்களை உற்றுப் பார்த்தார்.

நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, தொண்டையில் ஒன்றும் இல்லாமலே, நன்றாகக் கேட்கும்படி ஒரு முறை இருமிவிட்டு வெளியே வந்தேன்.