ஏழு கதவும் ஒரு குசினி யன்னலும்

வேலை முடிந்து வரும்போது தேவராஜா தெரு முனையிலிருந்தே எண்ணத் தொடங்குவார். ஒவ்வொரு வீட்டின் இரும்புக் கேற்றையும் சுட்டுவிரலால் ஒருதரம் தொடுவார். நாலாவதில் மட்டும் விரலை எடுக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு உள்ளே போவார். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தவறிவிடும். அப்போது முனைக்குத் திரும்பிப்போய் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவார்.

சிட்னியின் பாடிங்டனில், குதிரைவண்டிக் காலத்தில் ஒரே கொந்தராத்துக்காரர் ஒரே மூச்சில் கட்டிய ஏழு வீடுகள் அவை. பாண் துண்டுகள்போல் ஒட்டி நின்ற ஒடுக்கமான மாடிகள். பல்கனி ஒவ்வொன்றுக்கும் சேலைக்குக் கரை வைத்ததுபோல் இரும்புப் பின்னல். வந்த முதல் குளிர்காலத்தில் தேவராஜா மூன்றாம் வீட்டுக்குள் நுழைந்து, கோட்டைக் கழற்றி மாட்டி, கதிரையில் சாய்ந்து பேப்பரை விரித்தபடி தேத்தண்ணி கேட்டார். தேத்தண்ணியும் வந்தது. கொண்டுவந்தவர் மிஸிஸ் டனோவன். களைத்து வருகிறவன் எந்தப் பாஷையில் கேட்டாலும் அது தேநீர்தான் என்று அந்த அம்மா பிறகு விளக்கம் சொன்னாராம்.

அதற்குப் பிறகுதான் மனைவி சத்தியபாமா வெள்ளிக்கிழமைதோறும் கதவு நிலையின் இருபக்கமும் மஞ்சளைக் குழைத்துப் பூசத் தொடங்கினார். சாமிக்கும் ஆயிற்று, மனுசனுக்கும் அடையாளம் ஆயிற்று.

1976இல் அந்த வரிசை பழைய கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. இனி ஓர் ஆணி அடிப்பதென்றாலும் பாதுகாப்புக் குழுவின் சம்மதம் வேண்டும். தேவராஜாவுக்கு வேண்டியிருந்தது யன்னல். பின்பக்கக் குசினிக்கு ஒரு கதவைத் தவிர வேறு வழி இல்லை. சத்தியபாமா செத்தல் மிளகாய் வறுத்தால் புகை கூரைக்குள் ஏறி, ஏழு வீட்டுக்கும் பொதுவான இருட்டுக்குள் நடந்துபோய், ஆறாம் வீட்டில் தும்மலாக இறங்கும். சத்தியபாமாவுக்கோ மூச்சு இழுக்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் சமைக்கக்கூடாது என்று டாக்டர் இரண்டுதரம் சொல்லிவிட்டார். தேவராஜா தொழிலில் படவரைஞர். இரண்டடி அகல யன்னல் ஒன்றை மூன்று பக்கமிருந்தும் வரைந்து குழுவுக்கு அனுப்பினார். பதில் இல்லை.

பதிலுக்குப் பதிலாகக் குழுவின் கட்டடக்கலைஞர் மிஸ் பெத்தரிக் வந்தார். வீடுகளின் ஆதி நிறத்தைக் கண்டுபிடித்து ஏழு கதவுக்கும் அதையே பூசுவது திட்டம். நாலாம் வீட்டு நிலையைச் சின்னக் கத்தியால் சுரண்டினார். கிரீம், பச்சை, மண்ணிறம் என்று பெயின்ற் படைகள் வந்தன. மரவெடிப்பு ஒன்றின் அடியில், வெயில் படாத வெறும் மரத்தில் ஊறிக்கிடந்தது மஞ்சள். அம்மையார் கத்தியைக் கீழே வைத்தார். நூறு வருடத்து நிறம் என்றார். இதைக் காப்பாற்றி வைத்திருந்தவரின் யன்னலுக்காகச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தானே பேசுவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

“சொல்லிப்போடாதேங்கோ,” என்றார் சத்தியபாமா கணவரிடம், மிஸ் பெத்தரிக் போன பிறகு. “முதலிலை யன்னல் வரட்டும்.”

“நூறு வருசமெண்டு அறிக்கையிலை எழுதப்போறா.”

“எழுதட்டுமன். போன வெள்ளி பூசின என்ரை கைக்கு அது பெருமைதானே.”

சனிக்கிழமை, மாதிரிக்காக முதலாம் வீட்டுக் கதவு மஞ்சளாயிற்று. மிஸிஸ் டனோவன் தெருவில் நின்று பார்த்துவிட்டு, இந்த வீடுகளைக் கட்டியவனுக்கு நல்ல ரசனை என்றார். ஒரு கோடு நூலளவு பிசகினாலும் முழுத்தாளையும் திரும்ப வரைகிற மனிதருக்கு அதைக் கேட்டபின் சோறு இறங்கவில்லை. செவ்வாய் காலை, சத்தியபாமா குளிக்கப்போன நேரம் பார்த்து, மஞ்சள் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு மிஸ் பெத்தரிக்கின் அலுவலகத்துக்குப் போனார்.

டப்பாவைத் திறந்து மேசையில் வைத்து, விஷயத்தைச் சொன்னார். மிஸ் பெத்தரிக் மோந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தன் அறிக்கையின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: எல்லா வெள்ளிக்கிழமையுமா?

“ஓம்,” என்றார் தேவராஜா. பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

அன்றைய கூட்டத்தில் மிஸ் பெத்தரிக்குக்குத் தன் மஞ்சளைத் திரும்பப் பெறவே நேரம் சரியாகிவிட்டது. யன்னலுக்காகப் பேச ஆளில்லை. கதவுகள் பச்சை என்று முடிவாயிற்று. குசினியின் பின்சுவர் கட்டிய நாள்முதல் மாறாதது, ஆகவே அதை உடைத்து யன்னல் வைக்க அனுமதி இல்லை என்று கடிதம் வந்தது.

சத்தியபாமா கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். மடித்துக் கணவரின் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“அரிச்சந்திரன் இனி மிளகாயையும் வறுக்கட்டும்.”

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் தேவராஜா பின்வளவில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து, மூக்கில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு மிளகாய் வறுத்தார். மிஸிஸ் டனோவன் சலவைத்துணியை அவசரமாக உள்ளே எடுப்பார்.

1979ஆம் ஆண்டு மழையில் குழாய் ஒன்று வெடித்தது. குழாய் திருத்த வந்தவர் குசினியின் பின்சுவரில் சாந்தை உடைத்தபோது, உள்ளே அழகான செங்கல் வளைவோடு ஒரு யன்னல் வாய் தெரிந்தது. வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டு, பிற்காலத்தில் யாரோ வேறு செங்கல்லால் அடைத்துவிட்ட யன்னல். தேவராஜா அளவுநாடாவைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தார். அகலம் நாலடி.